வெண்கட்டியும் வினாத்தாளும்: இடைநிலைப் பள்ளி விஞ்ஞான பாடத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான பாடம் மாணவரைக் கவரவில்லை என்னும் குறை புதியதன்று. கல்விக் கருத்தரங்குகளில் இக்குறை எழும்போதெல்லாம் ஆய்வுகூட வசதியின்மை, உபகரணப் பற்றாக்குறை, மாணவரின் ஆர்வமின்மை என்பனவே காரணங்களாக எடுத்துக் கூறப்படுகின்றன. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலனாகின்றது. மாணவரின் உள்ளத்தை ஈர்க்கும் விஞ்ஞான பாடத்தை ஆயத்தஞ் செய்யும் முறை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரிய உலகிற்குத் தெரிந்ததொன்றே. பல இடங்களில், வறிய சூழ்நிலைகளிற் கூட, அது வெற்றியோடு செய்து காட்டப்பட்டுள்ளது. அவ்வாறாயின் அது நிலைபெறாமற் போனமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப் பொருள்களின் விஞ்ஞானம்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹம்ஷயர் மாவட்டத்திற் கிங்ஸ் சொம்போன் என்பது ஒரு சிற்றூர். கேம்பிறிட்ஜிற் பயின்று கணிதத்தில் வல்லவராய் விளங்கிய றிச்சட் டோஸ் என்னும் குருவானவர் அவ்வூர்த் திருச்சபைப் பொறுப்பை ஏற்றுச் சென்றபொழுது, அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் வயற் கூலிகளாய் இருத்தலைக் கண்டார். 1842ஆம் ஆண்டு அவர் அங்கு ஒரு பாடசாலையைத் தொடக்கினார். கூலியாளின் பிள்ளையும் கமக்காரனின் பிள்ளையும் ஒரே வாங்கிலிருந்து கற்றனர்; கட்டணம் மட்டும் பெற்றோரின் வருவாய்க்கேற்ப வேறுபட்டது.

அப்பாடசாலையின் சிறப்பு அங்கு கற்பிக்கப்பட்ட விஞ்ஞானத்தில் இருந்தது. டோஸ் அதனைப் ‘பொதுப் பொருள்களின் விஞ்ஞானம்’ என அழைத்தார். அடுப்பிலே கொதிக்கும் நீர், கிணற்றிலிருந்து நீரை மேலேற்றும் பம்பி, குளிர்காலத்தில் அணியும் கம்பளி ஆடை, தொட்டவுடன் மரத்தினும் குளிர்ந்ததாய்த் தோன்றும் இரும்பு என்பனவே பாடப்பொருள்கள். பிள்ளைக்கு முன்னரே பழக்கமான பொருளொன்றை எடுத்து, அதிலே மறைந்துள்ள ‘ஏன்’ என்னும் வினாவை வெளிக்கொணர்ந்து, அவ்வினாவினூடே வெப்பங் கடத்தல், வளிமண்டல அமுக்கம் முதலிய எண்ணக்கருக்களுக்கு இட்டுச் செல்வது அவர்தம் முறை. விஞ்ஞானத்தோடு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் இணைந்தே வளர்ந்தன. தாம் அறிய விரும்பிய ஒன்றைப் பற்றி வாசிக்கும் பிள்ளை வாசிப்பையும் விரைவிற் கற்றது. அரசாங்கத்தின் பாடசாலைப் பரிசோதகராய் இருந்த ஹென்றி மோஸ்லி இப்பாடசாலையை நேரிற் கண்டு வியந்து தம் அறிக்கைகளில் விதந்து எழுதினார்.

இந்த இயக்கம் பரவிவருகையில் 1862ஆம் ஆண்டு ஓர் இடி விழுந்தது. கல்விப் பொறுப்பை வகித்த றொபேட் லோ என்பார் ‘திருத்திய விதிக்கோவை’ எனப்பட்ட சட்டதிட்டத்தை நடைமுறைப்படுத்தினார். அதன்படி பாடசாலைக்கு வழங்கப்படும் நன்கொடை, மாணவரின் வரவையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பரிசோதகர் நடத்தும் பரீட்சையில் அவர்கள் சித்தியடைவதையும் பொறுத்ததாயிற்று. ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ என்பது இம்முறையின் பெயர். விஞ்ஞானத்தை எவரும் தடைசெய்யவில்லை; அதற்குப் பணமில்லை என்று மாத்திரமே கூறினர். பரீட்சிக்கப்படாத பாடத்திற்கு ஆசிரியர் நேரம் ஒதுக்குவாரோ? சில ஆண்டுகளிற் பொதுப் பொருள்களின் விஞ்ஞானம் பெரும்பாலான பாடசாலைகளிலிருந்து மறைந்துவிட்டது. அதனைக் கொன்றது வறுமையன்று, உபகரணக் குறைவுமன்று. மதிப்பிடும் முறையே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

மெழுகுவர்த்தியும் வெண்கட்டியும்

பாடசாலைக்குப் புறத்தே இக்கலை வேறு வகையில் வளர்ந்தது. இலண்டன் றோயல் நிறுவனத்தில் இளைஞருக்கான நத்தார்க்கால விரிவுரைகள் 1825இல் தொடங்கின. கொல்லரின் மகனாய்ப் பிறந்து, புத்தகங் கட்டும் தொழில் பயின்று, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியாய் உயர்ந்த மைக்கேல் பரடே, 1827 முதல் 1860 வரையிலான காலத்தில் 19 தொடர் விரிவுரைகளை நிகழ்த்தினார். அவற்றுட் புகழ்பெற்றது மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு பற்றியது. அது 1861இல் நூலாகவும் வெளிவந்தது. எரியும் சுவாலையின் நடுவே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் வெளிவரும் ஆவியைப் பற்றவைத்துக் காட்டினார் பரடே. எரிவது திண்ம மெழுகன்று, அதன் ஆவியே என்பதைக் கேட்போர் தம் கண்ணாற் கண்டனர். சுவாலைக்கு மேலே குளிர்ந்த பொருளொன்றைப் பிடிக்க அதில் நீர் படிந்தது. நெருப்பிலிருந்து நீர் பிறக்கும் விந்தையை விளக்கப் புகுந்தவர், ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் காபனீரொட்சைட்டுக்கும், ஈற்றில் மனிதனின் சுவாசத்துக்கும் இட்டுச் சென்றார்.

1868இல் நோவிச் நகரிற் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் கூடியபொழுது, தோமஸ் ஹக்ஸ்லி அந்நகரத் தொழிலாளருக்கு ஆற்றிய உரை இன்னொரு சான்று. தச்சனின் பைக்குள் இருக்கும் ஒரு துண்டு வெண்கட்டியே அவ்வுரையின் பொருள். நீங்கள் நிற்கும் நிலத்தைத் தோண்டினால் இதனையே காண்பீர்கள் என அவர் தொடங்கினார். அதனை மெல்லியதாய்ச் சீவி நுணுக்குக்காட்டியில் நோக்கின் நுண்ணுயிர்களின் ஓடுகள் தென்படுகின்றன. அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஆழத்தில் தந்திக் கம்பி இடுவதற்காக 1857இல் நடத்தப்பட்ட ஆய்வின்போது மேலே கொணரப்பட்ட சேற்றிலும் அதே வகை ஓடுகள் காணப்பட்டன. ஆகவே நோவிச் நகரத்தின் அடிநிலம் ஒரு காலத்திற் கடலடியாய் இருந்தது என்னும் முடிவுக்குக் கேட்போரே வந்து சேர்ந்தனர்.

இவ்விரு விரிவுரைகளையும் பாடத் திட்டங்களாகக் கொண்டு ஆராயின் ஓர் ஒழுங்கு புலப்படும். கையிலுள்ள பொருளில் தொடக்கம். எதிர்பாராத ஒரு நோக்கல். அதனாற் பிறக்கும் வினா. வினாவைத் தீர்க்கும் சான்று. ஈற்றிற் பரந்த உலகத்தோடு தொடர்பு. வரைவிலக்கணம் முடிவில் வருகின்றதேயன்றித் தொடக்கத்தில் வருவதில்லை. நமது வகுப்பறைகளில் இவ்வொழுங்கு பெரும்பாலும் தலைகீழாய் இருத்தலைக் கூறவும் வேண்டுமோ?

ஆம்ஸ்ரோங்கும் கண்டறி முறையும்

பரடேயும் ஹக்ஸ்லியும் செய்து காட்டினர், மாணவர் கண்டனர். மாணவரே செய்ய வேண்டும் என வலியுறுத்தியவர் ஹென்றி எட்வேட் ஆம்ஸ்ரோங் (1848-1937). ஜேர்மனியிலே லைப்சிக் நகரிற் பயின்ற இவ்விரசாயனவியலாளர், ‘கண்டுபிடித்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகத் தம் முறைக்குப் பெயரிட்டார். அதனைத் தமிழிற் கண்டறி முறை எனலாம். பிரித்தானிய சங்கத்தின் குழுவொன்றினூடாக 1889, 1890ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அறிக்கைகளில் அவர் ஒரு பாடத்திட்டத்தை முன்வைத்தார். 1903இல் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். ஹோஷம் என்னும் இடத்துக்கு 1902இல் மாறிய கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் பாடசாலை இம்முறையின் விளைநிலங்களுள் ஒன்றாயிற்று.

இரும்பு துருப்பிடித்தல் பற்றிய பாடம் அவர்தம் முறைக்குச் சிறந்த உதாரணம். துரு என்பது யாது என ஆசிரியர் கூறுவதில்லை. இரும்புத் தூளை நிறுத்து, ஈரமாக்கித் துருப்பிடிக்க விட்டு, உலர்த்தி மீண்டும் நிறுக்குமாறு பணிப்பார். நிறை கூடியிருத்தலைக் கண்டு மாணவன் திகைக்கிறான். கெட்டுப்போன இரும்பு நிறை குறையும் என்றன்றோ அவன் எண்ணியிருந்தான்! கூடிய நிறை எங்கிருந்து வந்தது? ஈர இரும்புத் தூளைத் துணியிற் கட்டி, நீரின்மேற் கவிழ்த்த சாடியுள் தொங்கவிடுகிறான். நாட்கள் செல்ல, நீர் சாடியுள் ஏறி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உயரத்தில் நிற்கின்றது. எஞ்சிய வளியில் எரியும் குச்சியைச் செலுத்த அது அணைகின்றது. வளி ஒரு தனிப் பொருளன்று. அதில் ஒரு பகுதியே இரும்போடு சேர்கின்றது. அப்பகுதியே எரிதலுக்கும் வேண்டப்படுவது என்னும் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுகின்றன. ‘ஒட்சிசன்’ என்னும் பெயர் அதன் பின்னரே வருகின்றது. ஒரு பொருளை அறிந்தபின் அதற்குப் பெயர் கேட்கும் மாணவனுக்கும், பெயரை மனனஞ் செய்தபின் பொருளைத் தேடும் மாணவனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது.

ஆயினும் இம்முறையைக் குறையற்றதெனக் கொள்ளல் ஆகாது. பல தலைமுறை அறிஞர் கண்டறிந்தவற்றை ஒரு மாணவன் சில ஆண்டுகளில் மீளக் கண்டறிதல் இயலாது. காலமும் போதாது. விடையை அறிந்த ஆசிரியர் அறியாதார்போல் நடிப்பதும், மாணவர் எதிர்பார்க்கப்படும் விடையை ஊகித்துக் கூறுவதும் போலிக் கண்டுபிடிப்பாகிவிடும் ஆபத்துண்டு. ஜே. ஜே. தொம்சனின் தலைமையில் அமைந்த குழு 1918இல் வெளியிட்ட அறிக்கை இம்முறையின் மிகைப்பாட்டைக் கண்டித்தது. எதனை மாணவர் கண்டறிய வேண்டும், எதனை ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும் எனத் தீர்மானிப்பதே பாடத் திட்டமிடலின் உயிர்நாடி என்பது இவ்விவாதத்தாற் பெறப்படும் படிப்பினையாகும்.

படிகளும் சட்டகங்களும்

பாடக் குறிப்பு எழுதும் வழக்கம் வேறொரு மூலத்தினின்று வந்தது. ஜேர்மன் மெய்யியலாளர் ஹெர்பாட் (1776-1841) கற்றலின் படிகளைப் பற்றிக் கூறியவற்றை அவர்தம் வழிவந்த சில்லர், றைன் ஆகியோர் ஐந்து படிகளாக வகுத்தனர்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிட்டு இணைத்தல், பொதுமைப்படுத்தல், பிரயோகித்தல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிற் புகுந்தன. நல்லாசிரியர் கையில் இப்படிகள் ஊன்றுகோலாயின. ஏனையோர் கையிற் சடங்காயின.

1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி சோவியத் நாடு முதற் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியமை மேலைநாடுகளை உலுக்கியது. அமெரிக்காவில் 1956இலேயே தொடங்கியிருந்த பௌதிகவியற் பாடத் திட்டம் பெருநிதி பெற்றது. இங்கிலாந்தில் 1962இல் நபீல்ட் திட்டம் தொடங்கியது. ஆம்ஸ்ரோங்கின் குரல் புதிய உருவில் மீண்டும் ஒலித்தது எனலாம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க உயிரியற் கலைத்திட்டக் குழுவினர் ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து கட்டங்களைக் கொண்ட மாதிரியை உருவாக்கினர். ஹெர்பாட் வழியினரின் ஐந்தோடு இதனை ஒப்பிடின் ஒரு முக்கிய வேறுபாடு தோன்றும்: முன்னதில் இரண்டாம் படியிலேயே ஆசிரியர் எடுத்துரைக்கின்றார், பின்னதில் மாணவர் கைவைத்துப் பார்த்த பின்னரே விளக்கம் வருகின்றது.

இவற்றுக்கிடையே அடக்கமானதொரு நூலையும் குறிப்பிடல் வேண்டும். இரண்டாம் உலகப் போரினாற் பாழடைந்த நாடுகளில் ஆய்வுகூடம் இழந்த ஆசிரியர்க்கென ஸ்ரீபன்சன் என்பார் எழுதிய கைந்நூலை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. அதுவே விரிவடைந்து 1956இல் விஞ்ஞான ஆசிரியர்க்கான மூலநூலாயிற்று. வெற்றுத் தகரப் பேணி, போத்தல், கம்பி, மரத்துண்டு என்பவற்றைக் கொண்டு தராசும் வெப்பச் சோதனைக் கருவிகளும் ஆக்கும் வழிகளை அது கூறிற்று. போரினால் ஆய்வுகூடங்களை இழந்த பாடசாலைகள் எமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பல இருந்தன. அவற்றை நினைக்கும் எமக்கு இந்நூல் பிறந்த கதை அந்நியமானதன்று.

எமது நாட்டில்

ஈழத்தில் விஞ்ஞானக் கல்வியின் தொடக்கம் குறைந்ததன்று. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் இயற்கை விஞ்ஞானமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் 1860களிலிருந்து தமிழிலும் கற்பித்தார். அவர்தம் முயற்சியாற் பிறந்த ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. தாய்மொழியிற் சிந்திக்கும் மாணவனே ஐயமின்றி வினவுவான் என்பதை அவர் நடைமுறையில் உணர்ந்திருந்தார்.

ஆனால் ஆங்கிலேயரின் விதிக்கோவையும் இங்கு வந்து சேர்ந்தது. 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டபின், 1870 முதல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு முறை ஏற்பட்டது. 1880இற் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் புகுந்தன. கடல்கடந்து வந்த வினாத்தாள் எமது வகுப்பறையின் போக்கை வகுத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளையும் விஞ்ஞான நூல்களின் மொழிபெயர்ப்புக்களையும் வெளியிட்டனர். கிறீனின் கனவு ஓரளவு நனவாயிற்று. எனினும் மொழி மாறிய அளவுக்கு வினாத்தாளின் இயல்பு மாறவில்லை.

1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் துணிவானதொரு முயற்சி. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்னும் பிரிவினையை நீக்கி, கனிட்ட இடைநிலை வகுப்புக்களில் எல்லா மாணவர்க்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானம் கட்டாய பாடமாக்கப்பட்டது. கிராமத்துப் பாடசாலைப் பிள்ளையும் விஞ்ஞானம் கற்கும் உரிமை பெற்றது. செயற்பாடுகளை நடுவணாகக் கொண்ட ஆசிரியர் வழிகாட்டி நூல்கள் எழுதப்பட்டன. சேவைக்காலப் பயிற்சிகள் நடைபெற்றன. 2007இல் அறிமுகமான தேர்ச்சிமையக் கலைத்திட்டம் மேற்கூறிய ஐந்து கட்ட மாதிரியை ஏற்றுக்கொண்டது. ஆக, நமது வழிகாட்டி நூல்களிற் பரடேயும் ஆம்ஸ்ரோங்கும் பெயரின்றி வாழ்கின்றனர். ஆனால் பாடசாலை விட்டதும் மாணவன் செல்லும் தனியார் வகுப்பிலே கடந்த கால வினாத்தாள்களே பாடநூல்.

ஹோஷங்காபாத்தின் படிப்பினை

வினாத்தாளையும் மாற்றத் துணிந்த ஒரு முயற்சி அயல்நாட்டில் நிகழ்ந்தது. இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல், இரு தன்னார்வ நிறுவனங்கள் 16 கிராமப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானத் திட்டத்தைத் தொடக்கின. 1978இல் அது மாவட்டத்தின் நடுநிலைப் பாடசாலைகள் அனைத்துக்கும் விரிந்தது. மாணவர் சிறு குழுக்களாய்ப் பரிசோதனை செய்தனர். வயலுக்கும் ஓடைக்கும் சென்று நோக்கினர். தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கேத்திரகணித உருவங்களாயின. ஆசிரியர் மாதந்தோறும் கூடித் தம் இடர்ப்பாடுகளை ஆராய்ந்தனர். ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பெயருக்குப் பிள்ளைகள் தம் ஐயங்களைக் கடிதமாய் எழுதினர், விடையும் கிடைத்தது. அனைத்தினும் மேலாக, பரீட்சை மண்டபத்துக்குப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்ல அனுமதி வழங்கப்பட்டது. செய்முறைப் பரீட்சையும் நடைபெற்றது. மனனத்துக்குப் பயனில்லாத பரீட்சைக்கு மனனஞ் செய்வார் யார்?

முப்பதாண்டுகள் நடந்த இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. 1862இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு உருவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். நல்ல பாடம் தானாக வாழ்வதில்லை. அதனைக் காக்கும் அமைப்பும், அதன் அருமையை உணர்ந்த பெற்றோரும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றினின்று இரு முடிவுகள் பெறப்படுகின்றன. கவர்ச்சியான பாடத்திற்கு விலையுயர்ந்த உபகரணம் முன்தேவையன்று என்பது ஒன்று. பரீட்சை மாறாமற் பாடம் மாறாது என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தனி ஆசிரியர் ஒருவர் மாற்றல் அரிது. ஆனால் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணக்கல். அக்கல்லில் ஊறிய கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்படிவு படிவதை அறியாத பிள்ளை அங்கு இல்லை. அப்படிவிற் சிறிது வினாகிரியை விடுக, அது நுரைக்கும். அவ்வாறே சுண்ணக்கல்லும் சிப்பியும் நுரைக்கும். எழும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரிற் செலுத்துக, நீர் பால்போலாகும். அப் பால்நிறத்தைத் தந்த நுண்டுணிக்கைகள் மீண்டும் அதே சுண்ணக்கற் பொருளே. தூய கல்சியங் காபனேற்றில் 100 கிராமைச் சூளையிற்போற் கடுமையாய்ச் சுட்டால் 44 கிராம் வாயுவாய் வெளியேறி 56 கிராம் நீறாச் சுண்ணாம்பு எஞ்சும் என்னும் கணக்கை அதன்பின் கூறின், அது வெறும் எண்ணாய் இராது. கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி நுரைக்கின்றதா எனவும் பிள்ளைகள் சோதிப்பார்கள். பெரும்பாலும் நுரைக்காது, ஏனெனில் அவற்றுட் பல கல்சியஞ் சல்பேற்றால் ஆனவை. தாம் எதிர்பார்த்தது நிகழாத அக்கணத்திலேயே விஞ்ஞானம் தொடங்குகின்றது.

2022இல் நாட்டிலே தாள் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. தாளின்றிப் பரீட்சை நிற்கலாம். பாடம் நிற்க வேண்டியதில்லை. கேத்தலும் கிணறும் சுண்ணக்கல்லும் எப்போதும் எம்மிடம் உள. அவற்றைக் கொண்டு ஒரு வினாவை எழுப்பும் ஆசிரியரும், அவ்வினாவுக்கு மதிப்பளிக்கும் வினாத்தாளுமே எமக்கு இன்று வேண்டப்படுவன. கிங்ஸ் சொம்போனில் விதைக்கப்பட்ட விதை எங்கள் மண்ணிலும் முளைக்கும். அது மீண்டும் கருகாதிருக்கக் காவல் செய்வது கற்றோர் அனைவர்க்கும் உரிய கடனாகும்.